கருத்து வரைபடம்: கோட்டின் மேல் எழுத வேண்டிய சொல்

பாடத்தின் தலைப்பை நடுவில் ஒரு வட்டத்துக்குள் எழுதி, அதைச் சுற்றிப் பத்துக் கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சொல்லை எழுதிவிட்டு அதைக் கருத்து வரைபடம் என்று அழைப்பது நம் வகுப்பறைகளில் பரவலாக இருக்கிறது. அது மன வரைபடம். தமிழ்நாட்டில் படைப்பாற்றல் கல்வி முறையில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு அது நன்கு பழகியது. நினைவுக்கு வருவதையெல்லாம் ஓரிடத்தில் கொட்டி வைப்பதற்கு அது நல்ல கருவியும்கூட. ஆனால் கருத்து வரைபடம் வேறு. அதில் ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு சொல்லோ சொற்றொடரோ எழுதப்பட்டிருக்கும். ஒரு பெட்டியில் தொடங்கி, கோட்டின் மேல் இருப்பதைப் படித்து, அடுத்த பெட்டியில் முடித்தால் பொருளுள்ள ஒரு வாக்கியம் கிடைக்கும். அந்த வாக்கியத்தைக் கூற்று என்று இங்கே குறிப்பிடுகிறேன். 'வேர்', 'நீர்' என்ற இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வெறும் கோடு மட்டும் இருந்தால், வரைந்த மாணவருக்கு என்ன தெரியும் என்பது நமக்குத் தெரியாது. கோட்டின் மேல் 'உறிஞ்சுவது' என்று எழுதியிருந்தால் தெரியும். 'தயாரிப்பது' என்று எழுதியிருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கருத்து என்பதை எண்ணக்கரு என்று சொல்வதால், அங்குள்ள ஆசிரியர்கள் இதே கருவியை எண்ணக்கரு வரைபடம் என்ற பெயரில் அறிந்திருக்கக்கூடும்.

இந்த முறை 1972-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக் என்பவரின் ஆய்வுக் குழுவில் பிறந்தது. சின்னஞ்சிறு வகுப்பிலேயே அறிவியல் பாடம் கேட்ட குழந்தைகளின் புரிதல் எப்படி வளர்கிறது என்பதை அவர்கள் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குழந்தைகளிடம் எடுத்த நேர்காணல்கள் பக்கம் பக்கமாகக் குவிந்தன. எந்தக் குழந்தை எந்த இடத்தில் மாறியது என்பதை அந்தக் குவியலிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடாக இருந்தது. ஆகவே, ஒவ்வொரு நேர்காணலிலும் குழந்தை சொன்ன கூற்றுகளை ஒரே தாளில் படமாக வரைந்து பார்த்தார்கள். கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே கற்றலில் எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று உளவியலாளர் டேவிட் ஆசுபெல் முன்வைத்த கருத்துதான் அவர்களுக்கு அடிப்படை. அதாவது, இது குழந்தையின் தலைக்குள் இருப்பதை வெளியே எடுத்துப் பார்ப்பதற்காக உருவான கருவி. சுவரில் மாட்டும் அழகுப் படமாக அது பின்னாளில்தான் ஆனது.

இனி வரையும் முறைக்கு வருவோம். எட்டாம் வகுப்பு அளவிலான ஒளிச்சேர்க்கையையே கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி

தலைப்பிலிருந்து தொடங்க வேண்டாம், கேள்வியிலிருந்து தொடங்குங்கள். 'ஒளிச்சேர்க்கை' என்று தலைப்புக் கொடுத்தால் மாணவர்கள் பாடநூலின் துணைத்தலைப்புகளை வரிசையாகப் பெட்டிகளில் இறக்கி வைப்பார்கள். அதற்குப் பதிலாக, 'ஒரு மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய சோதனை இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த அறிஞர், உலர்த்தி எடை பார்த்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை ஏறக்குறைய 164 பவுண்டு, அதாவது 74 கிலோ கூடியிருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ், 57 கிராம் மட்டுமே. எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கேள்வியைக் கேட்டால், மண்தான் மரத்துக்குச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாதி வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

நல்ல மையக் கேள்வி 'எப்படி', 'ஏன்', 'எங்கிருந்து' என்ற சொற்களில் ஒன்றைக் கொண்டிருக்கும். 'என்னென்ன' என்று கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும்.

கருத்துகளைத் துண்டுத் தாளில் எழுதுதல்

கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையான சொற்களை எழுதச் சொல்லுங்கள். முதல் முறை வரைபவர்களுக்குப் பத்து முதல் பதினைந்து சொற்கள் போதும். என் வகுப்பில் வந்தவை இவை: தாவரம், வேர், இலை, நீர், கார்பன் டை ஆக்சைடு, சூரிய ஒளி, பச்சையம், இலைத்துளை, குளுக்கோஸ், செல்லுலோஸ், மரக்கட்டை, ஆக்சிஜன், மண், சுவாசித்தல். ஒவ்வொரு சொல்லும் தனித் துண்டுத் தாளில் இருக்க வேண்டும். பழைய தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இதற்கு மிகவும் ஏற்றது. நோட்டுப் புத்தகத்தில் நேரடியாக வரைந்தால், ஒரு பெட்டியை இடம் மாற்ற வேண்டும் என்று தோன்றினாலும் அழிக்க மனம் வராமல் மாணவர் அப்படியே விட்டுவிடுவார்; துண்டுத் தாளை விரலால் நகர்த்திவிடலாம்.

பெட்டிக்குள் வாக்கியம் வரக் கூடாது. 'வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது' என்று முழுவதையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் கோட்டுக்கு வேலை இல்லாமல் போய்விடும். எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாத சொற்களைத் தாளின் ஓரத்தில் ஒரு வரிசையாக நிறுத்தி வைக்கலாம். கடைசி வரை சில சொற்கள் அங்கேயே நின்றுவிட்டால் அதில் தவறில்லை.

அடுத்து, பரந்த கருத்தை மேலேயும் குறுகிய கருத்துகளைக் கீழேயும் அடுக்கச் சொல்லுங்கள். இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. இணைக்கத் தொடங்கியதும் இந்த அடுக்கு எப்படியும் கலையும்.

கோட்டின் மேல் தமிழ்

இந்த இடத்தில்தான் தமிழில் வரைபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் வினைச்சொல் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வருவதால், முதல் பெட்டி, கோட்டின் மேல் உள்ள வினை, இரண்டாம் பெட்டி என்று படித்தால் தானாகவே வாக்கியம் அமைந்துவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். 'வேர் → உறிஞ்சுகிறது → நீர்' என்று எழுதினால் அது யாரும் பேசாத தமிழ். மாணவர்கள் கோட்டின் மேல் ஒன்றும் எழுதாமல் விடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. எழுதிப் பார்த்தால் வாக்கியம் நொண்டுகிறது, அதனால் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு வழி தமிழுக்குள்ளேயே இருக்கிறது. வினைமுற்றை எழுதாமல், 'அது' என்று முடியும் பெயராக மாற்றி எழுத வேண்டும். 'வேர் → உறிஞ்சுவது → நீர்' என்பதைப் படித்துப் பாருங்கள்: 'வேர் உறிஞ்சுவது நீர்.' முழுமையான தமிழ் வாக்கியம். 'இலை → தயாரிப்பது → குளுக்கோஸ்', 'இலை → வெளியிடுவது → ஆக்சிஜன்' என்று பல கூற்றுகளை இப்படி அமைத்துவிடலாம். இடம், வழி, காரணம், பொருள் போன்ற பெயர்களில் முடியும் தொடர்களும் நன்றாகப் பொருந்தும்: 'கார்பன் டை ஆக்சைடு → உள்ளே நுழையும் வழி → இலைத்துளை', 'ஒளிச்சேர்க்கை → நடக்கும் இடம் → பசுங்கணிகம்', 'செல்லுலோஸ் → மிகுந்திருக்கும் பொருள் → மரக்கட்டை'. உருபு தேவைப்படும் இடத்தில் அதையும் கோட்டின் மேலேயே சேர்த்து எழுதலாம்: 'ஒளிச்சேர்க்கை → -க்குத் தேவையானது → சூரிய ஒளி'. பெட்டிக்குள் இருக்கும் சொல் உருபு ஏற்காமல் அப்படியே இருக்கட்டும். அப்போதுதான் அதே பெட்டியிலிருந்து வேறு பல கோடுகளை இழுக்க முடியும்.

ஓர் எச்சரிக்கை. 'தவளை விழுங்குவது பாம்பு' என்ற வாக்கியம் தமிழில் சரியானதே. விழுங்குவது பாம்புதான் என்று நாம் புரிந்துகொள்கிறோம். 'பாம்பு விழுங்குவது தவளை' என்பதும் சரி. உருபு இல்லாதபோது யார் யாரை விழுங்கினார் என்பதை உலக அறிவை வைத்தே முடிவு செய்கிறோம். பாடத்தைப் புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்த அறிவு இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, உணவுச் சங்கிலிப் படத்தில் ஆற்றல் போகும் திசையில், அதாவது தவளையிலிருந்து பாம்புக்கு, அம்பு போட்டிருப்பார்கள். ஆகவே இரண்டு பழக்கங்களை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்குங்கள்: எல்லாக் கோட்டுக்கும் அம்புமுனை இருக்க வேண்டும்; ஐயம் வரும் இடத்தில் 'தவளை → -ஐ விழுங்குவது → பாம்பு' என்று உருபை எழுத வேண்டும்.

'தொடர்புடையது', 'சம்பந்தப்பட்டது', 'உள்ளது' ஆகிய சொற்களை ஒரு மாதத்துக்குத் தடை செய்துவிடுங்கள் என்பது என் அறிவுரை. எந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலும் இவற்றை எழுதலாம்; எழுதினால் எதுவும் சொன்னதாகாது. தடை செய்த முதல் வாரம் வகுப்பில் முணுமுணுப்பு இருக்கும். இரண்டாம் வாரம், 'சார், சேமிக்கும் இடம்னு போடலாமா, சேர்த்து வைப்பதுன்னு போடலாமா?' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அந்த மாணவர் கோட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

குறுக்கே போகும் கோடுகள்

படத்தின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாண்டிப் போகும் கோட்டைக் குறுக்கு இணைப்பு என்று சொல்லலாம். முதல் வரைவில் அது தானாக வராது. எல்லாக் குழுவும் முடித்த பிறகு, 'இடப்பக்கம் இருக்கும் ஒரு சொல்லையும் வலப்பக்கம் இருக்கும் ஒரு சொல்லையும் இணைக்க முடியுமா?' என்று கேட்க வேண்டும்.

ஒரு முறை இப்படிக் கேட்டபோது, தரையில் துண்டுத் தாள்களைப் பரப்பியிருந்த ஒரு குழுவில் இருவர் 'சுவாசித்தல்' என்ற தாளை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அதைப் படத்துக்கு வெளியே வைக்க நினைத்தான். 'பகல்ல ஒளிச்சேர்க்கை, ராத்திரிதான்டா சுவாசித்தல். ரெண்டும் வேற வேற.' மற்றவன் விடவில்லை. 'அப்போ பகல் பூரா மரம் மூச்சே விடாதா? செத்துடாதா?' சற்று நேரம் கழித்து இருவரும் என்னிடம் வந்து, 'சார், கோடு போடலாமா வேணாமா?' என்று கேட்டார்கள். பதிலைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. புள்ளிக்கோடு போட்டு அதன் மேல் கேள்விக்குறி வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அந்தக் கேள்விக்குறியிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன்: தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது, பகலில் ஒளிச்சேர்க்கையின் வேகம் கூடுதலாக இருப்பதால், வெளியே வரும் கணக்கில் ஆக்சிஜன்தான் மிஞ்சுகிறது. புள்ளிக்கோட்டை அழுத்தமான கோடாக்கி, 'ஆக்சிஜன் → தேவைப்படும் செயல் → சுவாசித்தல்', 'சுவாசித்தல் → -இல் வெளியேறுவது → கார்பன் டை ஆக்சைடு' என்று அவர்களே எழுதினார்கள். கார்பன் டை ஆக்சைடு பெட்டி ஏற்கெனவே இலைத்துளையோடு இணைந்திருந்ததால், படத்தின் இரண்டு பக்கங்களும் அங்கே கூடின.

இன்னொரு குறுக்கு இணைப்பு மண்ணைப் பற்றியது. மண் உணவைத் தராது என்றால் உரம் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும். 'மண் → தரும் கனிமங்களில் ஒன்று → மக்னீசியம்', 'மக்னீசியம் → இல்லாமல் உருவாகாதது → பச்சையம்' என்ற இரண்டு கூற்றுகளில் அதற்கான விடை இருக்கிறது. கனிமங்கள் தேவை, ஆனால் எடையில் அவற்றின் பங்கு மிகச் சிறிது. வான் ஹெல்மான்டின் 57 கிராம் அங்கே வந்து பொருந்தும்.

வகுப்பில் அறிமுகப்படுத்தும் வரிசை

ஒரே பாடவேளையில் எல்லாவற்றையும் சொல்லி, உடனே வரையச் சொல்லிவிட்டுத் தோற்றுப்போனவர்களில் நானும் ஒருவன். நான்கு நாட்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் நாள் பாடநூலைத் தொட வேண்டாம். 'இட்லி மாவு ஏன் பொங்குகிறது?' போன்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நீங்களே கரும்பலகையில், தவறு செய்து, அழித்து, வாய்விட்டு யோசித்தபடி வரைந்து காட்டுங்கள். அழிப்பதை அவர்கள் பார்ப்பது முக்கியம். இரண்டாம் நாள், ஐந்தாறு பெட்டிகளும் சில கோடுகளும் மட்டும் உள்ள எலும்புக்கூட்டுப் படத்தைக் கொடுத்து, மீதியை நிரப்பச் சொல்லலாம். மூன்றாம் நாள் மூன்று நான்கு பேர் கொண்ட குழுவாகத் துண்டுத் தாள்களோடு வரையட்டும். தனித்தனியாக வரைவது நான்காம் நாளுக்கு. குழு வேலை முடிந்ததும், ஒரு குழுவின் படத்தை இன்னொரு குழு பெட்டி, கோடு, பெட்டி என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாக்கியம் இடறும் இடத்தில் வரைந்தவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். நீங்கள் திருத்த வேண்டியது பாதியாகக் குறையும்.

மாணவரின் படத்தைப் படித்தல்

சொற்களைப் படிப்பதற்கு முன் படத்தின் உருவத்தைப் பாருங்கள். பிரிட்டனில் இயன் கின்ச்சினும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000-இல் மூன்று உருவங்களைப் பிரித்துக் காட்டினார்கள். நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கோடு போவது சக்கர ஆரம் போன்றது. ஒன்றன்பின் ஒன்றாக நீள்வது சங்கிலி. குறுக்கும் நெடுக்குமாக இணைந்தது வலை. சங்கிலி வரைந்த பிள்ளை பெரும்பாலும் பாடநூலின் பத்தி வரிசையை அப்படியே மனப்பாடம் செய்திருக்கும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளது எதுவும் நினைவுக்கு வராது. ஆரம் வரைந்த பிள்ளைக்குச் சொற்கள் தெரியும், ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பது தெரியாது. ஆனால் அதற்குப் புதிய கோடுகளைச் சேர்க்கக் கற்றுக்கொடுப்பது எளிது.

மதிப்பெண் போடலாமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. நோவக்கும் கோவினும் 1984-இல் வெளியிட்ட நூலில் ஒரு முறை இருக்கிறது: சரியான ஒவ்வொரு கூற்றுக்கும் 1, ஒவ்வொரு அடுக்குக்கும் 5, பொருளுள்ள ஒவ்வொரு குறுக்கு இணைப்புக்கும் 10, ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் 1. குறுக்கு இணைப்புக்குப் பத்து மதிப்பெண் என்று தெரிந்த அடுத்த நாளே, படம் முழுவதும் பொருளற்ற கோடுகள் முளைத்துவிடும். ஆகவே இந்த எண்ணிக்கையை உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவரின் தாளில் மதிப்பெண்ணை எழுதாமல், தவறான கூற்று ஒன்றின் மேல் வட்டமிட்டு, 'இதை வாய்விட்டுப் படி' என்று எழுதினால் போதும்.

தனியாகப் படிப்பவர்களுக்கு

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழகாக வரைந்து, வண்ணம் தீட்டி, படித்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது படியெடுத்தல். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்பிக்கியும் பிளன்ட்டும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பாடப்பகுதியைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரைந்தவர்களைவிட, படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். இதை வைத்துக் கருத்து வரைபடமே வீண் என்று சிலர் முடிவு கட்டினார்கள். ஆனால் அதே இருவரும் 2014-இல், நினைவிலிருந்து வரைந்த வரைபடமும் நினைவிலிருந்து எழுதிய பத்தியைப் போலவே நன்றாகப் பயன் தருகிறது என்று காட்டினார்கள். சிக்கல் வரைபடத்தில் இல்லை, திறந்திருந்த புத்தகத்தில் இருந்தது.

எனவே, பாடத்தை ஒரு முறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். நீல மையில் வரையுங்கள். வரைந்து முடித்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தவறாக எழுதியதையும் சிவப்பு மையில் சேருங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய படத்தைப் பார்க்காமல், வெற்றுத் தாளில் மறுபடியும் வரையுங்கள். முதல் தாளில் சிவப்பாக இருந்தவற்றில் எத்தனை இப்போது நீலமாக வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கணினியில் வரைய விரும்புவோருக்கு, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய சீமேப் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோடு இழுத்தவுடன் அதன் நடுவில் இணைப்புச் சொல்லுக்கான இடத்தைத் தானாகவே காட்டுவதுதான் அதன் சிறப்பு. தொடக்கத்தில் தாளும் பென்சிலும் போதும். கரும்பலகைப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த வகுப்பில் அங்கிருந்து தொடரலாம்.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது. வகுத்தல் கணக்கின் படிகளையோ நுண்ணோக்கியைச் சரிசெய்யும் முறையையோ கற்பிக்க வரிசையான செய்முறைதான் வேண்டும். அங்கே செய்து பார்ப்பதே கற்றல். ஒரு செய்யுளைப் பெட்டிகளாக வெட்டினால் பெட்டிகள் மிஞ்சும், செய்யுள் மிஞ்சாது. 'எப்படி', 'ஏன்' என்ற கேள்விகள் நிறைந்த அறிவியல் பாடங்கள், ஒரு நிகழ்வுக்குப் பல காரணங்கள் பின்னியிருக்கும் வரலாற்றுப் பாடங்கள், ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறும் பொருளாதாரப் பாடங்கள் ஆகியவற்றில் தொடங்குங்கள். ஒரு பருவத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாடங்களுக்கு மேல் வேண்டாம். கேள்விக்குறியோடு நின்றுவிட்ட புள்ளிக்கோடுகளை மட்டும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுக்கும்போது மையக் கேள்வியைத் தேடி அலைய வேண்டியிருக்காது.